பயின்னாங் சந்தையில் ஒரு கணினிக்குப் பெயர் வைத்தது

காலை ஒன்பதுக்கு உளுந்துக்கு ஒரு விலை.
ஒன்பதேகாலுக்கு வைபரில் வேறு விலை.
தேநீர் ஆறுவதற்குள் சென்னையிலிருந்து ஒருவர்
"நேற்றைய விலைக்கே போடுங்கள்" என்பார்.
எந்த நேற்று என்று
கேட்டுத்தான் எழுதவேண்டும்.

டாலருக்கு அரசு சொல்வது ஒன்று,
முதலாளியின் மைத்துனர் சொல்வது ஒன்று.
இரண்டுக்கும் ஆளுக்கொரு பத்தி ஒதுக்கியிருக்கிறேன்.
மூன்றாவது பத்தி காலி.
எதற்கும் இருக்கட்டும்.

பழைய விண்டோஸ் ஒரு புதன்கிழமை செத்தது.
ரசீதில்லாத சரக்கு,
செத்ததில் யாருக்கும் வியப்பில்லை.
ஆறு மாதத் தரகுக் கணக்கு உள்ளே இருந்ததால்
நான் மட்டும் கழிவறையில் போய் அழுதேன்.

எடை எழுதும் கோ ஸேயா
வட்டைக் கழற்றிக் கணக்கை மீட்டான்.
மறுநாள் மூன்று பென்டிரைவ் கொண்டுவந்தான்,
மூட்டை தைக்கிற சணலில்
மூன்று நிறம் கட்டி.

சிவப்பு, போன மாதம் வெளிவந்த லினக்ஸ்.
சாளரம் ஒவ்வொன்றும் விசிறிபோல் விரிந்தது.
குறை சொல்ல மனம் வரவில்லை.
ஆனால் பில் அடிக்கும் எங்கள் ஊசி அச்சுப்பொறியை
அதற்குச் சுத்தமாகத் தெரியவில்லை.
ஒரு தாளைப் பாதி விழுங்கிவிட்டு
இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன.

பச்சை, அன்றாடம் புதுப்பித்துக்கொள்ளும் ரகம்.
"எப்போதும் கடைசிப் பதிப்பிலேயே இருக்கலாம், அக்கா."
எப்போதும் என்கிற சொல்லை இந்த ஊரில்
மின்சார ஆபீஸ்கூடச் சொல்வதில்லை.
நாலு மணி நேரம் உண்டு, எட்டு மணி நேரம் இல்லை.
அறுபத்திரண்டு சதவீதத்தில் போய்விட்டது.
இன்வெர்ட்டர் ஒரு முறை முனகியது.
விளக்கு வந்தபோது கறுப்புத் திரையில்
ஒரு வெள்ளைக் கோடு மட்டும் மினுங்கியது,
வாசலில் நின்றுகொண்டு
ஒன்றுமே கேட்காத கடன்காரன் மாதிரி.

வெள்ளையை நீட்டும்போது ஸேயாவுக்குக் கொஞ்சம் கூச்சம்.
"டெபியன். நிலைத்த பதிப்பு.
இரண்டு வயதாகப் போகிறது.
புதிதாக எதுவும் வராது, அக்கா,
ஓட்டை அடைக்கிற ஒட்டு மட்டும் வரும்."

ஓட்டை அடைக்கிற ஒட்டு!
கோணித் தையல்காரர்கள் நடுவில்
பதினோரு வருடம் உட்கார்ந்திருக்கிறேன்.
புதுக் கோணியின் பிசிறு உளுந்தில் கலக்கும்.
ஒரு தடவை கப்பலேறி இறங்கினதுதான்
தான் எங்கே கிழியும் என்று
காட்டிக்கொடுக்கும்.

நிறுவும்போது பெயர் கேட்டது.
அடையாள அட்டையில் மா தின்ஸா வின்.
வீட்டில் பூமயில்.
சம்பளப் பேரேட்டில் வெறும் "கணக்கு".
கால் மணி நேரம் யோசித்தேன்.
அதுவும் அவசரப்படுத்தவில்லை.
அட்டையில் உள்ளதையே கொடுத்தேன்,
சந்தையில் எதற்கும் அட்டைதான் கேட்பார்கள்.

பிறகு கணினிக்குப் பெயர் கேட்டது.
வீசை என்று அடித்தேன்.
"எடைக்கல் பேரா?" என்றான் ஸேயா.
ஆமாம்.
தராசில் அந்தப் பக்கம் எது ஏறினாலும்
இந்தப் பக்கம் அசையாமல் கிடப்பதன் பேர்.

அச்சுப்பொறி கிர்ரென்றது.
கூலிக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

இது நடந்து ஏழு மாதம்.
ஸேயா தன் மடிக்கணினியில் இன்னும் பச்சைக் கயிறுதான்.
திங்கட்கிழமைகளில் புதிதாக ஒன்றைத் திறந்து காட்டுவான்,
பார்த்து, நன்றாயிருக்கிறது என்பேன்.
உண்மையாகவே நன்றாகத்தான் இருக்கும்.
செவ்வாய்க்கிழமைகளில்
அவன் சம்பள முன்பணக் கடிதத்தை
என் கணினியில் அடித்துக்கொள்வான்.

நேற்று விலை எட்டு முறை மாறியது.
எட்டு முறையும்
சேமிக்கிற பொத்தான் அதே இடத்தில் இருந்தது.
சாயங்காலம்
அந்த மூன்றாவது பத்தியிலும்
ஒரு எண் எழுத வேண்டி வந்தது.